பச்சையும் கோணலும்: ‘க்ரூவல்’ என்ற சொல்லின் பூர்வீகம்

போன மாதம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். தலைப்பு, ‘எங்கள் ஊர்த் துறைமுகம்’. திருகோணமலைப் பிள்ளைகள் துறைமுகத்தைப் பற்றி எழுதினால் சீனக்குடா வராமல் இருக்காது. சீனக்குடா வந்தால் எண்ணெய்க் குதங்களும் வந்துவிடும். ஒரு பிள்ளை இரண்டு பக்கம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஆனால் சுத்திகரிக்காத மசகு எண்ணெய்க்குச் சொல்லும் ‘க்ரூட் ஒயில்’ வரவேண்டிய இடத்தில் எல்லாம், கொடுமையான என்று பொருள்படும் ‘க்ரூவல்’ விழுந்து ‘க்ரூவல் ஒயில்’. ஒரு தடவை என்றால் கைப்பிழை. இது நான்கு தடவை. நாட்டின் மசகு எண்ணெய் முழுவதும் கொடூர எண்ணெய் ஆகிவிட்டது.

“ரீச்சர், இதுக்கும் புள்ளி வெட்டுவீங்களா?” என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உண்மையில் அவள் விட்ட பெரிய பிழை தகவல் பிழை. அந்தக் குதங்களில் பிரித்தானியர் நிரப்பி வைத்தது மசகு எண்ணெய் அல்ல, போர்க்கப்பல்கள் எரிக்கிற எண்ணெய். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தங்கள் கடற்படைக்காக அவற்றைக் கட்டினார்கள். இன்று கணக்கில் உள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கன மீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டபோது எரிந்ததும் அந்தக் கப்பல் எண்ணெய்தான். மசகு எண்ணெய் வேண்டுமானால் அவள் சப்புகஸ்கந்தைக்குப் போகவேண்டும். 1969இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் இருக்கிறது.

எழுத்துப்பிழையை மட்டும் என்னால் முழுப்பிழை என்று சொல்ல முடியவில்லை. ‘க்ரூட்’, ‘க்ரூவல்’ இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவள் அறியாமல் தங்கச்சியின் பெயரைச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

தாய்ச்சொல் லத்தீனில் ‘க்ரூடுஸ்’. பச்சையானது, சமைக்காதது, இரத்தம் காயாதது என்று பொருள். வயிற்றில் செரிக்காமல் கிடக்கிற சாப்பாட்டுக்கும் ரோமர் இந்தச் சொல்லையே சொன்னார்கள். அதிலிருந்து கிளைத்தது ‘க்ரூடேலிஸ்’: பச்சை இரத்தத்தைக் கண்டு கலங்காதவன், கொடியவன். இத்தாலியர் இன்றும் ஏறக்குறைய அப்படியே ‘க்ருடேலே’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில்தான் நடுவிலிருந்த டகரம் கரைந்தது. இரண்டு உயிரெழுத்துக்கு இடையில் அகப்பட்ட டகரத்தை அவர்கள் விழுங்குவது வழக்கம். லத்தீனில் வியர்ப்பதற்குச் சொல்லும் ‘சூடாரே’ பிரெஞ்சில் ‘சுவே’ ஆனது அப்படித்தான். ‘க்ரூடேலிஸ்’ ‘க்ரூவெல்’ ஆயிற்று. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஓடியது. அந்த வழியே 13ஆம் நூற்றாண்டளவில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் குடியேறியது. ‘க்ரூட்’ வந்தது அதற்குப் பிறகு, 14ஆம் நூற்றாண்டில், படித்தவர்கள் கை வழியாக, லத்தீனிலிருந்து நேரே. அதனால் அதன் டகரத்துக்குச் சேதமில்லை. வாய் வழியே வந்த சொல் தேய்ந்து வரும், ஏட்டு வழியே வந்த சொல் விறைப்பாய் வரும். வடமொழிச் சொல் ஒன்றே நமக்குப் ‘பக்கம்’ என்றும் ‘பட்சம்’ என்றும் இரண்டாக வந்து சேர்ந்ததே, அதே சங்கதி.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பினர் ‘க்ருவோர்’. ரோமரிடம் இரத்தத்துக்கு இரண்டு சொல் இருந்தது. உடம்புக்குள் ஓடும்வரை அது ‘சங்குவிஸ்’. காயத்திலிருந்து வெளியே வந்துவிட்டால் ‘க்ருவோர்’. காலையில் மீன் சந்தையில் சூரையை வெட்டும் பலகையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் பளிச்சென்று இறங்குகிறது. கத்தியைக் கழுவி முடிப்பதற்குள் பலகையின் வெட்டுக்காயங்களில் போய்க் கருஞ்சிவப்பாய் உறைந்து நிற்கிறது. அந்த உறைகிற இரத்தம்தான் ‘க்ரூவல்’ என்ற சொல்லின் பிறந்த வீடு.

கிரேக்கத்தில் இதே வேரில் ‘க்ரேயாஸ்’ என்றால் இறைச்சி. ‘பான்’ என்றால் முழுவதும். எலும்பில்லாமல் முழுக்கச் சதையாய் இருக்கிற உறுப்புக்குப் ‘பான்க்ரியாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நாம் கணையம் என்கிறோம். நீரிழிவு கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்கள் தினமும் உச்சரிக்கிற சொல், கொடுமைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ரஷ்ய மொழியில் இரத்தத்துக்குப் பெயர் ‘க்ரோவ்’. வேதத்தில் பச்சை இறைச்சி ‘க்ரவிஸ்’. பிணத்தை உண்ணும் சுடலைத் தீக்கு ‘க்ரவ்யாதன்’ என்று பெயர். சமஸ்கிருதத்தில் இன்னும் ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்டால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்: ‘க்ரூர’. நாம் குரூரம் என்று சொல்கிறோமே, அதுதான்.

ஆக, ஆங்கிலப் பாடத்தில் ‘க்ரூவல்’ என்றால் குரூரம் என்று பொருள் எழுதுகிற பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. ஒரே சொல்லின் இரண்டு முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒன்று லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மேற்கே சுற்றி வந்தது. மற்றது வடமொழி வழியாக நேரே இறங்கியது. சிங்களத்தில் கொடுமைக்குச் சொல்லும் ‘குரிரு’வும் பாலி வழியாக வந்த அதே சொல். நம்மூர் மும்மொழி ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மூன்று மொழியும் மூன்று பாதையில் போய் ஒரே இறைச்சிக் கடையில் சந்தித்திருப்பதை ஒருவரும் பேசக் கேட்டதில்லை.

ஆங்கிலத்துக்குச் சொந்தமான பங்காளியும் உண்டு. பச்சை என்று பொருள்படும் ‘ரோ’. அதன் பழைய உருவம் ‘ஹ்ரேயவ்’ என்று ஹகரத்தில் தொடங்கியது. லத்தீனில் ககரத்தில் தொடங்கும் பழஞ்சொற்களுக்கு ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் வரும்: கொம்புக்கு லத்தீனில் ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹோர்ன்’, நூறுக்கு அங்கே ‘கென்டும்’, இங்கே ‘ஹண்ட்ரட்’. அந்தக் கணக்கில் ‘க்ரூடுஸ்’ஸுக்கு எதிரே ‘ஹ்ரேயவ்’ சரியாக உட்காருகிறது. பிறகு அந்த ஹகரமும் உதிர்ந்து ‘ரோ’ மட்டும் மிஞ்சியது.

இந்தத் துறைமுகத்துக்குள் வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டேனிஷ்காரர் 1620இல் வந்தார்கள். அவர்கள் வாயில் பச்சைக்கு ‘ரோ’ போலவே ஒலிக்கும் ஒரு சொல். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். அவர்கள் சொல் ‘க்ரு’. ஒல்லாந்தர் 1639இல் பிடித்தார்கள், ‘ரவ்’. பிரெஞ்சுக்காரர் 1782இல் சிறிது காலம் வைத்திருந்தார்கள், ‘க்ரூ’. ஆங்கிலேயர் 1795இல் வந்து நிலைத்தார்கள்; ‘ரோ’. ஐந்து கொடி, ஐந்து பீரங்கிச் சத்தம், பச்சை இறைச்சிக்கு ஒரே வேர். இப்போது வருகிற பிரெஞ்சுக்காரர் பீரங்கி கொண்டுவருவதில்லை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன், “ரீச்சர், அவங்க கேக்கிற ‘க்ருடித்தே’ எண்டா என்ன?” என்று தொலைபேசியில் கேட்டான். கரட்டும் வெள்ளரியும் பச்சையாய் நறுக்கி வைத்த தட்டு. கொடுமையின் உறவுக்காரரிலேயே சாதுவானவர் அவர்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ‘க்ருவோர்’ என்று எழுதியவுடனே வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் மனதில் ‘குருதி’ என்று மணி அடித்திருக்கும். எனக்கும் அடித்தது. காதுக்கு ஒன்றுபோல் இருப்பதை வைத்துச் சொற்களுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. மேலே சொன்ன ககரம், ஹகரம் மாதிரி ஒலிகள் ஒழுங்காக, ஒரு சொல்லில் அல்லாமல் பல சொற்களில், எதிரும் புதிருமாகப் பொருந்தவேண்டும். குருதி திராவிடச் சொற்களின் பட்டியலில் இருப்பது. அந்தப் பொருத்தம் அதற்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், யாரும் சந்தேகப்படாத ‘உதிரம்’தான் உண்மையான சொந்தக்காரன். அது வடமொழி ‘ருதிர’. ஆங்கிலத்தில் சிவப்புக்குச் சொல்லும் ‘ரெட்’ அதற்கு உறவு. உலகத்து மொழியெல்லாம் தமிழிலிருந்து வந்தது என்று வாட்சப்பில் செய்தி அனுப்பும் என் சித்தப்பா இந்தப் பந்தியைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

சரி, பச்சை இறைச்சிக்கும் கெட்ட மனதுக்கும் என்ன தொடர்பு? இரத்தம் என்ற பாதை ஒன்று இருக்கிறது. இன்னொரு பாதையைக் காட்டியவர் 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ். ‘க்ரூடேலித்தாஸ்’ என்ற சொல் சமைக்காத தன்மையிலிருந்து வந்தது போலத் தெரிகிறது என்று அவர் எழுதினார். வெந்து பதமானது இனிமையாய் இருக்கும். வேகாதது வாய்க்கு முரடாய், அருவருப்பாய் இருக்கும். கொடுமையும் அப்படித்தான் என்பது அவர் விளக்கம்.

இதை அவர் லத்தீனில் எழுதினாரே தவிர, எங்கள் அடுப்படியில் நின்று எழுதியது போலத்தான் இருக்கிறது. கறி கொதிக்கும்போது அம்மா மூக்கை நீட்டிப் பார்த்து, “இன்னும் பச்சை வாசம் போகேல்ல” என்பார். தூளின் பச்சை வாசம் போனால்தான் கறி கறியாகும். அக்குவைனாஸின் கொடியவன் பச்சை வாசம் போகாத மனம் உள்ளவன். இதற்கு எதிர்ப்பக்கம் நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது, பக்குவம். ‘பக்குவமான ஆள்’ என்று சொல்லும்போது வெந்த ஆள் என்றுதான் சொல்கிறோம். வடமொழியில் ‘பக்வ’ என்றால் சமைத்தது, பழுத்தது. ஆங்கிலத்தில் சமைப்பதற்குச் சொல்லும் ‘குக்’ லத்தீன் வழியாக வந்த அதன் உறவு. ‘க்ரூவல்’, குரூரம் ஒரு சோடி. ‘குக்’, பக்குவம் இன்னொரு சோடி. வேகாததும் வெந்ததும் இரண்டு மொழியிலும் சோடி மாறாமல் நிற்கின்றன.

ஆனால் நமக்கென்று சொந்தமாக இருக்கிற ‘பச்சை’ வேறு வழியில் நடந்தது. பச்சைக் குழந்தை, பச்சை மண், பச்சை உடம்புக்காரி. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவளை வெயிலில் விடாதே, காற்றில் விடாதே, பச்சை உடம்பு என்கிறோம். அங்கே பச்சை என்றால் அடித்தவனின் மனம். இங்கே அடி தாங்காதவளின் உடம்பு. ஐரோப்பியர் பச்சையைக் கசாப்புப் பலகையில் கண்டார்கள், நாம் ஏணையில் கண்டோம். ரொம்பத்தான் பெருமைப்படாதே என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சைப் படுகொலை, பச்சையாய்ப் பேசுகிற வாய் எல்லாமும் நம்மிடம்தான் இருக்கின்றன. இந்தப் ‘பச்சையாய்ப் பேசுவது’ ஆங்கில ‘க்ரூட்’டின் இன்னொரு பொருளோடு அப்படியே ஒட்டுகிறது. உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்த இடம் அது.

அப்படியானால் கொடுமை? அது இறைச்சியிலிருந்து வரவில்லை. வளைவிலிருந்து வந்தது. ‘கொடு’ என்றால் வளைந்தது. தேளின் கொடுக்கு வளைந்திருப்பது. கொடுவாள் வளைந்த வாள். யானைக் கோடு என்கிற தந்தம், மரக் கோடு என்கிற கிளை எல்லாம் வளைந்து போகிறவை. நேர் தவறினது, கோணினது, அதனால் கெட்டது என்று பொருள் நீண்டது. இதற்கு எதிர் ‘செம்மை’. நேரானது, அதனால் நல்லது. அரசனின் கோல் நேராய் நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். வள்ளுவர் 55ஆம் அதிகாரத்தைச் செங்கோன்மைக்கும் அடுத்ததைக் கொடுங்கோன்மைக்கும் கொடுத்தார். சிலப்பதிகாரத்தில் ஆராயாமல் கோவலனைக் கொன்ற பாண்டியன் உயிரை விடுகிறான். வளைந்த கோலை அவன் உயிர் போய் நிமிர்த்தியது என்று கதை சொல்கிறது. அந்தப் பாண்டியனை ஆங்கிலத்தில் ‘க்ரூவல் கிங்’ என்று எழுதினால் தவறான ஆள் வந்து நிற்பான். அவன் இரத்தத்தைப் பார்த்து மகிழ்ந்தவன் அல்லன். கோல் கோணவிட்டவன்.

இந்த இரட்டைப் பொருளை வைத்து வள்ளுவர் விளையாடிய ஒரு குறள் இருக்கிறது:

கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன
வினைபடு பாலால் கொளல்.

அம்பு பார்வைக்கு நேர், ஆனால் கொடிது. யாழின் கோடு பார்வைக்கு வளைவு, ஆனால் செவ்விது. ஆட்களையும் அவர்கள் செய்கையை வைத்து எடைபோடு என்கிறார். பொருள் எல்லோருக்கும் தெரியும். சொல்லைப் பாருங்கள். நேராய் இருக்கிற அம்பைக் ‘கொடிது’, அதாவது வளைந்தது, என்கிறார். வளைந்திருக்கிற யாழைச் ‘செவ்விது’, அதாவது நேரானது, என்கிறார். கண்ணுக்குத் தெரிவதைச் சொல் தலைகீழாக்குகிறது. இதை ‘க்ரூவல்’ வைத்து மொழிபெயர்த்தால் கருத்து போய்ச் சேரும், விளையாட்டு கரையிலேயே நின்றுவிடும். இறைச்சிச் சொல்லுக்குள் வளைவை எங்கிருந்து கொண்டுவருவது?

‘கொடு’ எல்லா இடத்திலும் திட்டுச் சொல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடுந்தமிழ் என்றால் கொடுமையான தமிழ் அல்ல. இலக்கண நேரிலிருந்து கொஞ்சம் வளைந்த வட்டாரத் தமிழ். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணத்தைக் கொடுந்தமிழ் இலக்கணம் என்றே குறித்தார். அந்தக் கணக்கில் நாங்கள் சந்தையில் பேசுவது எல்லாம் கொடுந்தமிழ்தான். ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாடினார். மூன்று கோணம் உள்ள மலை, கோணேசர் மலை என்று விளக்கம் சொல்கிறவர்கள் பலர்; தமிழில் ‘கோண்’ என்றாலே வளைவு. சுவாமி மலையின் மேல் நின்று கீழே பார்த்தால் கரை நேராய் ஓரிடத்திலும் ஓடாது. உள்ளே மடங்கி, மறுபடி மடங்கி, குடாவுக்குள் குடாவாகப் போகும். அந்தக் கோணல் இல்லாவிட்டால் இத்தனை கப்பற்படை இந்தத் துறைமுகத்துக்காக அடிபட்டிருக்காது. யாழ்க்கோடு மாதிரி, செவ்வியதான ஒரு கோணல்.

ஆகவே நம் கையில் இரண்டு சொல் இருக்கின்றன. நாம் அவற்றைக் கலந்துதான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தேன். கவனித்துப் பார்த்தபோது கலக்கவில்லை. குரூரத்துக்கு ஒரு முகம் வேண்டும், செய்கிறவன் வேண்டும், அவன் அதில் கொஞ்சமாவது சுவை காணவேண்டும். கொடுமைக்குச் செய்கிறவன் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்ததைக் கொடுமை என்று சொல்லாதவர் இந்தக் கரையில் இல்லை. அதைக் குரூரம் என்று சொன்ன ஒருவரையும் நான் கேட்டதில்லை. ஔவையார் பாடலாக வழங்குவது ‘கொடிது கொடிது வறுமை கொடிது’ என்று சொல்லி, ‘அதனினும் கொடிது இளமையில் வறுமை’ என்று போகிறது. வறுமைக்கு முகம் இல்லை. ஆறாத நோய்க்கும் முகம் இல்லை. அங்கே ‘குரூரம்’ போட்டுப் பாருங்கள், பாட்டே படுத்துவிடும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை இங்கே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு இழுத்து இழுத்து 2019 ஜூலையில் முடிந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். ஊரில் அதைப் பற்றிப் பேசும்போது கொடுமை என்ற சொல் இரண்டு இடத்தில் விழும். அந்த மாலைக்கு ஒருமுறை. அதற்குப் பின் வந்த பதின்மூன்று வருடங்களுக்கு ஒருமுறை. இரண்டாவது தடவை விழும்போது அது பழைய பொருளிலேயே விழுகிறது, கோல் கோணியது என்ற பொருளில். பேசுகிறவர்கள் சிலப்பதிகாரத்தை நினைத்துச் சொல்வதில்லை. சொல் தானாக நினைவு வைத்திருக்கிறது.

ரோமரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். செனெக்கா, இளம் நீரோவுக்கு இரக்கத்தைப் பற்றி எழுதிய நூலில், ‘க்ரூடேலித்தாஸ்’ என்பது தண்டனை கொடுக்கும்போது மனம் காட்டும் கடுமை என்று வரையறுத்தார். காரணமே இல்லாமல் கொன்று மகிழ்கிறவனை அவர் அந்தச் சொல்லுக்குள் விடவில்லை. அது விலங்குத்தனம், பைத்தியம் என்று தனியே ஒதுக்கினார். அதாவது அவருடைய கொடியவன் கையில் அதிகாரம் இருக்கும், தண்டிக்க ஒரு சாக்கும் இருக்கும். நம் கொடுங்கோலுக்குப் பக்கத்து வீடு. நீரோவிடம் பாடம் எடுபட்டதா என்று கேட்காதீர்கள். பின்னாளில் அவன் கட்டளையில்தான் செனெக்கா தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சட்டத்துக்குள் இந்தச் சொல் நுழைந்ததும் தண்டனையின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1689இல் இங்கிலாந்தின் உரிமைச் சாசனம் கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனைகள் கூடாது என்றது. அமெரிக்கர் 1791இல் அதே தொடரைத் தங்கள் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தமாக வைத்துக்கொண்டார்கள். 1948இன் மனித உரிமைப் பிரகடனம் 5ஆம் உறுப்புரையில் சித்திரவதையையும் அதோடு சேர்த்தது. நம் நாட்டு 1978 அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை ஏறத்தாழ அதே வாசகம். சித்திரவதைக்கு எதிரான சாசனத்துக்குச் செயல் வடிவம் கொடுக்க 1994இல் 22ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ‘சித்திரவதை’யில் உள்ள சித்திரம் ஓவியம் அல்ல. வடமொழியில் ‘சித்ர’ என்றால் பலவகைப்பட்டது என்றும் பொருள். அர்த்தசாஸ்திரம் சும்மா கொல்வதையும், பலவகையாய் வதைத்துக் கொல்வதையும் வேறு வேறு தண்டனையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பின்னது சித்திரவதை. எவ்வளவு அழகான சொல்லுக்குள் என்ன கிடக்கிறது பாருங்கள்.

மனிதருக்கு முன்பே இந்த நாட்டில் விலங்குகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. அதில் எழுதிய உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். கோட்டை வாசலில் திரிகிற புள்ளிமான்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சட்டம் நினைவுக்கு வரும். கோயிலுக்கு வருகிறவர்கள் பொலித்தீன் பையோடு எறிந்துவிட்டுப் போகிற சாப்பாட்டை அவை பையோடேயே மெல்லுகின்றன. எறிந்தவருக்குக் குரூரம் எதுவும் இல்லை. மானுக்கு உணவு போட்ட புண்ணியத்தோடு படியேறிப் போகிறார். மானின் வயிற்றுக்குள் நடப்பதற்குக் கொடுமை என்ற சொல்தான் பொருந்தும்.

ஆங்கிலத்தில் கொடுமைக்கு வேறு சொற்களும் நிறைய உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்க்காரர். ‘சவேஜ்’ காட்டிலிருந்து வந்தது, நம் காட்டுமிராண்டி போல. ‘சேடிஸம்’ சாட் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் பெயர். ‘ரூத்லெஸ்’ஸில் இருக்கும் ‘ரூத்’ இரக்கம். இரக்கம் வழக்கொழிந்து, இரக்கமின்மை மட்டும் உயிரோடு இருக்கிறது. இவற்றில் எதுவும் ‘க்ரூவல்’ அளவுக்குத் தூரம் நடந்ததில்லை.

குரூரத்துக்குத் தமிழில் ஒரு செல்லக் கதையும் உண்டு. கோகுலத்திலிருந்து கண்ணனைத் தேரில் ஏற்றி வடமதுரைக்குக் கொண்டுபோக வந்தவர் பெயர் அக்குரூரர். குரூரம் இல்லாதவர் என்று பொருள். பாகவதத்தில் ஆய்ச்சியர் அழும்போது, பெயர்தான் அக்குரூரன், ஆள் குரூரன் என்று ஏசுகிறார்கள். பிரசங்கிகள் இந்த இடத்தை விடவே மாட்டார்கள். பாவம் மனிதர், கம்சன் அனுப்பிய வேலையைச் செய்ய வந்தவர். அவரை அவர்கள் ஏசியதும் ஒருவகைக் கொடுமைதான்.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். பத்து நிமிடம் சொன்னேன். அதற்குள் மூன்று பேர் மேசையில் தலை வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அரைப் புள்ளி மட்டும் வெட்டினேன், அதுவும் குதங்களுக்காக. அடுத்த கிழமை அவள் கொப்பியோடு முன்னால் வந்து நின்றாள். துறைமுகத்துக்கு ஒரு பெரிய பயணிகள் கப்பல் வந்திருந்த நேரம்.

“ரீச்சர், அப்ப ‘க்ரூஸ்’ கப்பலும் அந்தக் குடும்பமா?”

இல்லை. அது ஒல்லாந்தர் சொல். குறுக்கும் மறுக்குமாகக் கடலைக் கடப்பது. அதன் அடியில் இருப்பது ‘க்ருக்ஸ்’, சிலுவை. தாங்கமுடியாத வலிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங்’ கூட அந்தச் சிலுவையிலிருந்து இறங்கியதுதான். கொடுமைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றும் ‘க்ரூவல்’லுக்கு அது சொந்தமில்லை. இதைச் சொல்லி முடிக்கும் முன்பே பின் வாங்கிலில் சிரிப்பு வெடித்தது. அங்கே இருந்த ஒரு பையனின் குடும்பப் பெயர் குரூஸ்.